மலையிலிருந்து இறங்கிக் கடற்கரையில் உலோகம் தேட: எந்தக் கருவி, எந்தக் கரை?

கடற்கரை மணலில் மெட்டல் டிடெக்டரை இடமும் வலமுமாக வீசியபடி நடந்து, தொலைந்த மோதிரத்தையும் சில்லறையையும் தேடியெடுக்கும் பொழுதுபோக்கில் ஆசை வைத்து, முதல் கருவியை வாங்க நினைக்கும் நீலகிரிவாசி ஒரு விஷயத்தை முன்னதாகவே கவனித்துவிட வேண்டும். இதுபற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை கடலோரத்தில் குடியிருப்பவருக்காகச் சொல்லப்பட்டவை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் வேலை முடிந்து மாலையில் ஒரு மணி நேரம் கரைக்குப் போய்வந்துவிடலாம். கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருப்பவர் பள்ளி விடுமுறை, கோயில் பயணம், உறவினர் வீட்டு விசேஷம் என்று கீழே இறங்கும்போதுதான் கடலைப் பார்க்கிறார். மற்ற நாள்களில் கருவி பரண்மேல் கிடக்கும். அல்லது தேயிலைத் தோட்டத்துச் செம்மண்ணில் வேலை செய்யும். ஆகவே கடற்கரைக்குச் சிறந்த கருவி எது என்று கேட்பதைவிட, உப்பு ஊறிய ஈரமணலையும் இரும்பு மிகுந்த மலை மண்ணையும் ஒரே கருவி சமாளிக்குமா என்று கேட்பதே நமக்குப் பொருந்தும். மூன்று வகைக் கருவிகளையும், நாம் இறங்கக்கூடிய இரண்டு கரைகளையும் அந்தக் கணக்கிலேயே இங்கே ஒப்பிடுகிறேன்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. கருவியின் அடியில் தட்டுபோல் இருக்கும் கம்பிச் சுருளில், அதாவது காயிலில், ஓடும் மாறு மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் வரும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அது தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தை உண்டாக்குகிறது. அதன் வலிமையையும் காலத் தாமதத்தையும் கருவி அளந்து, ஒலியாகவும், எந்த வகை உலோகம் என்று குறிக்கும் எண்ணாகவும் நமக்குத் தருகிறது. தொல்லை என்னவென்றால், கடல்நீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்தும். அது தரும் பதில், மெல்லிய அலுமினியத் தாளும் சிறு தங்கமும் தரும் பதிலுக்கு மிக அருகில் வந்து விழும். மலையில் தொல்லை வேறு மாதிரியானது. சார்னோக்கைட் பாறை காலங்காலமாகச் சிதைந்து உருவான நம் லேட்டரைட் மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் நிறைந்திருப்பதால், ஒன்றுமே புதையாத இடத்திலும் மண்ணே முனகும். இரும்பேறிய சிறு கற்கள் உலோகம் போலவே ஒலி எழுப்பும். உப்பு மின்கடத்தும் தன்மையால் குழப்புகிறது, செம்மண் காந்தத் தன்மையால் குழப்புகிறது. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியை இவற்றில் ஒன்றுக்குச் சரிக்கட்டினால் மற்றொன்று தலைதூக்கும். மணவாளக்குறிச்சி, கொல்லம் அருகே சவரா போன்ற கருமணல் கரைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பழகும் நாள்களில் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

முதல் வகை, ஒற்றை அதிர்வெண் கருவி. அமெரிக்காவின் கேரட் (Garrett) நிறுவனத்தின் ஏஸ் 300 எட்டு கிலோஹெர்ட்ஸிலும், அதே நிறுவனத்தின் ஏடி ப்ரோ பதினைந்திலும், துருக்கியின் நோக்டா நிறுவனத்தார் தரும் சிம்ப்ளெக்ஸ் பன்னிரண்டிலும் இயங்குகின்றன. விலை குறைவு, எடை குறைவு, பழகுவதும் எளிது. ஆனால் இந்த வகைக்குள்ளேயே ஒரு பெரிய பிரிவு உண்டு. ஏஸ் 300-இல், மண்ணே எழுப்பும் ஒலியை அடக்க மண்ணுக்கேற்பச் சமன்செய்யும் அமைப்பு தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டுவிடுகிறது. நாம் மாற்ற முடியாது. வண்டல் மண்ணிலும் உலர்ந்த மணலிலும் இது ஒரு குறையாகத் தெரியாது. கோத்தகிரிச் செம்மண்ணில் முதல் நாளே தெரிந்துவிடும். தவிர, இதில் காயில் மட்டுமே நீரைத் தாங்கும், கைப்பிடியில் உள்ள பெட்டி தாங்காது. சிம்ப்ளெக்ஸும் ஏடி ப்ரோவும் மூன்று மீட்டர் ஆழம்வரையாவது நீரைத் தாங்குபவை, மண்ணுக்கேற்பச் சமன்செய்யவும் இடம் தருபவை. ஆகவே ஒற்றை அதிர்வெண்தான் கையிருப்புக்கு ஏற்றது என்றால் இந்த இரண்டாம் பிரிவிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். சில ஆயிரம் மிச்சம் என்று முதல் பிரிவுக்கு இறங்குவது மலைவாசிக்குக் கட்டுபடியாகாது.

உலர்மணலில், அதாவது அலை எட்டாத மேட்டில், இந்தக் கருவி விலையுயர்ந்த எதற்கும் சளைத்ததல்ல. சுண்டல் விற்பவரைச் சுற்றியும், படகு நிழலிலும், குடும்பங்கள் துண்டு விரித்து அமரும் இடத்திலும் விழும் சில்லறையும் சாவியும் அதன் கைக்குத் தப்பாது. ஈரமணலுக்கு இறங்கியவுடன் அது ஓயாமல் கத்தத் தொடங்கும்; உணர்திறனைக் குறைத்தால் அடங்கும்; அடங்கும்போது ஆழமும் சேர்ந்து போகும். மோதிரமும் சங்கிலியும் அதிகம் நழுவுவது குளிக்கும் இடத்தில் என்பதால், அந்தப் பகுதியைப் பாதி விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் வகை பல்ஸ் இண்டக்‌ஷன். கேரட்டின் சீ ஹன்டர் மார்க் 2 இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அறுபது மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனாலும் தாங்கும்படி செய்தது. இது தொடர்ந்து அலையை அனுப்பாமல், ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, சில மைக்ரோ வினாடிகள் காத்திருந்து கேட்கிறது. உப்புநீரில் எழும் மின்னோட்டம் அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தில் எழுந்தது இன்னும் சற்று நேரம் நீடிக்கும் என்பதே இதன் சூட்சுமம். உப்பும் கருமணலும் இதை அவ்வளவாக அசைப்பதில்லை. ஆழத்திலும் மற்ற வகைகளை மிஞ்சக்கூடியது. ஆனால் இரும்பையும் பிறவற்றையும் இந்தக் கருவிகள் நம்பகமாகப் பிரித்துக் காட்டுவதில்லை. ஒலி வந்த இடமெல்லாம் தோண்ட வேண்டும். மணலில் தோண்டுவது இரண்டு அள்ளலில் முடிகிற வேலை என்பதால் கடலோரத்துக்காரர் அதைப் பொறுத்துக்கொள்கிறார். தேயிலைத் தோட்டத்தில் வேலிக்கம்பித் துண்டு, லாடம், உடைந்த கவாத்துக் கத்தி, தகரக் கூரையின் ஆணி என்று பல தலைமுறைகளின் இரும்பு புதைந்திருக்கிறது. அங்கே இந்தக் கருவியோடு இறங்குகிறவர் ஒரு பிற்பகலில் அலுத்துவிடுவார். தோட்டக்காரரும் அடுத்த முறை அனுமதி தரமாட்டார். கடலோடு மட்டுமே நிற்கும் இந்தக் கருவிக்கு, கடலுக்கு எப்போதாவது போகிற ஒருவர் பெருந்தொகை தருவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மூன்றாவது, பல அதிர்வெண் கருவி. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் 1990-களின் தொடக்கத்திலிருந்தே கடற்கரைக்காக இவ்வகையைச் செய்துவருகிறது; 2018-இல் வந்த அதன் ஈக்வினாக்ஸ் வரிசை, இலேசான எடையில் இந்த வசதியைப் பொழுதுபோக்காளர் கைக்குக் கொண்டுவந்தது. நோக்டாவின் லெஜண்டும் இதே இனம். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் அனுப்பி, ஒவ்வொன்றிலும் வரும் பதிலை ஒப்பிட்டுப் பார்ப்பதால், உப்பின் பங்கு எவ்வளவு, உலோகத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு உப்பைக் கழித்துவிட முடிகிறது. ஈரமணலில் ஓசையடங்கி நடக்கிறது, இரும்பையும் பிரித்துச் சொல்கிறது, மலை மண்ணிலும் எண் அதிகம் தடுமாறுவதில்லை. பல்ஸ் வகையின் ஆழம் கருமணலில் இதற்கு வராது. அலைக்குள் நிற்கும்போது கொஞ்சம் முணுமுணுக்கும். குறை என்று சொல்ல மீதமிருப்பது விலைதான். மைன்லேப்பின் வான்குவிஷ் வரிசை அதே தொழில்நுட்பத்தைக் குறைந்த விலையில் தருகிறது; ஆனால் அதில் காயில் மட்டுமே நீர் தாங்கும், கைப்பிடியில் உள்ள பெட்டி தாங்காது. முழங்காலளவு நீரில் ஓர் அலை எழும்பினால் போதும். நீருக்குள் இறங்கமாட்டேன், ஈரமணலோடு நின்றுவிடுவேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவருக்கு அது நல்ல பேரம்.

கருவியின் குறிப்பேட்டில் உள்ள பரிசோதனைகள் பெரும்பாலும் மேல்நாட்டுக் காசுகளையும் மோதிரங்களையும் வைத்துச் செய்யப்பட்டவை. நம் கரையில் கிடப்பவை வேறு. இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் ஒட்டும் ஃபெரிட்டிக் வகை எஃகால் ஆனவை. இரும்பை விலக்கும் அமைப்பை முடுக்கிவிட்டுக் கடற்கரையில் நடந்தால், கருவி இவற்றையும் இரும்பென்று தள்ளிவிடும், அல்லது எண் நிலைகொள்ளாமல் துள்ளும். நிக்கல் பித்தளையில் வந்த ஐந்து ரூபாயும், அலுமினிய வெண்கல வளையம் கொண்ட பத்து ரூபாயும் தெளிவாகக் கேட்கும். சில்லறைக்காகவே தேடுபவர் கருவியே வேண்டாமென்று ஒரு வலுவான காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால்கூட ஒரு ரூபாய்கள் ஒட்டிக்கொண்டு வரும். தங்கமும் வெள்ளியும் வராது.

நகைகளில் நுணுக்கம் இன்னும் கூடுதல். சுழல் மின்னோட்டம் ஒரு முழு வட்டத்தைச் சுற்றி ஓடும்போதே பதில் வலுவாக வரும் என்பதால், மூடிய மோதிரம் சிறியதானாலும் நன்கு கேட்கும். நம் மெட்டியோ விரலுக்கேற்ப நெகிழ்வதற்காக அடியில் வாய் திறந்திருக்கும். அந்தச் சிறு இடைவெளியே மின்னோட்டத்தின் பாதையை அறுத்துவிடுவதால், அதே அளவு வெள்ளி மோதிரத்தைவிட மெட்டியின் ஒலி நலிந்தே வரும். மெல்லிய தங்கச் சங்கிலி அதைவிட மோசம். கருவி அதை ஒரு முழுப் பொருளாகப் பார்க்காமல் கண்ணி கண்ணியாகப் பார்ப்பதால், பெரும்பாலும் கொக்கிதான் கேட்கும். தாலிக்கொடியில் குண்டும் காசும் கோத்திருந்தால் அவை கைகொடுக்கும். மூக்குத்தியை மறந்துவிடலாம். இப்படிப்பட்ட சிறு தங்கத்துக்கு உயர்ந்த அதிர்வெண் உதவும். அதே உயர்ந்த அதிர்வெண்தான் உப்பையும் உரக்கக் கேட்கிறது. பல அதிர்வெண் கருவிக்குக் கூடுதல் பணம் தர நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த ஓர் இடத்தில்தான்.

இனி, ஏமாற்றும் குப்பை. கரைவலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயமணிகள் வலை அறுந்து மணலில் கிடக்கும். ஒலி மோதிரம் போலவே உருண்டையாக, இரு திசையிலும் ஒரே எண்ணோடு வரும். அள்ளிச் சலித்தால் உப்பு பூத்த சாம்பல் நிற உருளை ஒன்று, நடுவில் கயிற்றுத் துளையோடு சல்லடையில் தங்கும். இதைத் தவிர்க்க எந்தக் கருவியாலும் முடியாது; ஈயத்தை விலக்கினால் தங்கமும் சேர்ந்து விலகும். சோடா மூடி, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், தீபாவளிக்குப் பின் கம்பி மத்தாப்பின் மிச்சக் கம்பி ஆகியவையும் உண்டு. அவற்றைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது மரியாதை. அடுத்த முறை அதே ஒலிக்கு ஏமாறாமலிருக்கவும் அது உதவும்.

மலையில் இந்தக் கருவிக்கு என்ன வேலை என்று கேட்பவருக்கு: கொழுந்து பறிக்கையில் கையுறையோடு சேர்ந்து கழன்ற மோதிரம், கேரட் தோட்டத்தில் விழுந்த வண்டிச் சாவி, புதைந்துபோன தண்ணீர்க் குழாயின் வால்வு. தேயிலை வரிசைகளுக்கிடையே பெரிய காயில் நுழையாது. சிறிய காயில் ஒன்று தனியாகக் கிடைக்கும் மாதிரியை வாங்குவது நல்லது. ஒலி வந்த குழிக்குள் விரல் வைத்துத் துழாவுவதற்குப் பதிலாக, டார்ச் அளவே உள்ள சிறு கை டிடெக்டரான பின்பாயின்டரைச் செருகிப் பார்த்தால் செடியின் வேர் பிழைக்கும். இரண்டு இடங்களுக்கு மட்டும் போகவே கூடாது. ஒன்று காப்புக்காடு, அங்கே தோண்டுவதும் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். மற்றொன்று பழங்காலக் கல்வட்டங்களும் ஈமக்குழிகளும் உள்ள மேடுகள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அவற்றிலிருந்து தோண்டியெடுத்த பொருள்களில் ஒரு பகுதி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, மீதமிருப்பதையாவது விட்டுவைப்போம். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880-ஐ ஒட்டி லண்டன் கம்பெனிகள் தங்கம் தேடிச் சுரங்கம் தோண்டிய கதையைக் கேட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகும் எண்ணமும் வேண்டாம். அங்கே தங்கம் படிகக்கல்லில் பொடியாகக் கலந்திருப்பது. கடற்கரைக் கருவிக்கு அது கேட்காது. கைவிடப்பட்ட அந்தச் சுரங்கங்கள் ஆளை விழுங்கக்கூடியவை. உரிமமின்றி அங்கே தோண்டுவதும் சட்டவிரோதம்.

கரைகளுக்கு வருவோம். உதகையிலிருந்து கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாக இறங்கினால் கோழிக்கோடு 150, 160 கிலோமீட்டரில் வந்துவிடும். விடியலில் கிளம்பி இரவே திரும்பலாம். வேளாங்கண்ணிக்கோ கோவை, திருச்சி, தஞ்சாவூர் கடந்து போக வேண்டும். தூரம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கு இதோடு முடிந்தால் மேற்குக் கரைதான். ஆனால் கேரளக் கரையில் நெடுந்தூரத்துக்கு அரிப்பைத் தடுக்கக் கருங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே தேட மணலே இல்லை. கோழிக்கோடு நகரக் கரை, பேப்பூர் போன்ற திறந்த மணற்பரப்புகள் மட்டுமே நமக்கு உதவும். தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கடல் மணலை இழுத்துக்கொண்டு போய், மழை ஓய்ந்தபின் மெல்லத் திருப்பிக் கொண்டுவருகிறது. மேல்மணல் போய்விட்டு, கனமான பொருள்கள் அடித்தட்டில் தங்கியிருக்கும் செப்டம்பர், அக்டோபர் இடைவெளியே அங்கே தேடச் சிறந்த காலம்.

கிழக்குக் கரையில் இதே வேலையை வடகிழக்குப் பருவம் செய்கிறது. டிசம்பர் கடைசியில் மணல் அரிந்து செங்குத்தாக நிற்கும் விளிம்புகளின் அடியில் பொருள்கள் தென்படும். வேளாங்கண்ணி, திருச்செந்தூர், இராமேசுவரம் போன்ற இடங்களில் ஆண்டு முழுவதும் நீராடும் கூட்டத்துக்கு ஈடு மேற்கில் நமக்கு எட்டிய தூரத்தில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அங்கே நாம் மட்டும் தேடுவதில்லை. திருச்செந்தூரில் பக்தர்கள் தவறவிடும் நகைகளைச் சிப்பித் தொழிலாளர்கள் வெறுங்கையாலேயே தேடியெடுத்து ஒப்படைப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். பொழுதுபோக்குக்கு வந்தவர் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவதே முறை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் மேட்டுமணலைக் கிளறுவது கூடாது. நனைந்த மணலோடு நின்றுகொள்ள வேண்டும். ஒற்றை அதிர்வெண் கருவி வைத்திருப்பவருக்கு இதனால் கிழக்குக் கரையின் நல்ல மாதங்களில் பாதி போய்விடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரைகளில் தாதுமணல் அள்ளுவதற்கு 2013-இல் அரசு தடை விதித்த பிறகு, கருவியோடு மணலைக் கிளறுகிற எவரையும் ஊரார் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. இராமேசுவரம் தீவில் கடற்படையும் கடலோரக் காவல்படையும் கேள்வி கேட்கும். எங்கே போனாலும் உள்ளூர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். மாமல்லபுரம், பூம்புகார், தரங்கம்பாடி போன்ற தொல்லியல் கரைகள் நமக்கானவை அல்ல.

கிடைத்ததை என்ன செய்வது என்பதற்குச் சட்டம் உண்டு. புதையலுக்குக் கேரளத்தில் தனியாக 1968ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது; தமிழ்நாட்டுக் கரைக்குப் பழைய சட்டமே. மண்ணில் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், அது என்ன, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய் என்ற வரம்பு அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாய்கூட இதற்குள் வந்துவிடும். மறைத்தால் ஓராண்டுவரை சிறை உண்டு. நேற்று யாரோ தவறவிட்ட மோதிரம் வேறு கணக்கு: உரியவரைத் தேட நியாயமான முயற்சி எதுவும் எடுக்காமல் வைத்துக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா 314-இன்படி முறைகேடாகக் கையாடியதாகக் கொள்ளப்படலாம். காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்வது எளிது.

என் தீர்ப்பு இதுதான். நீர் தாங்கும் பல அதிர்வெண் கருவி ஒன்றை, முடிந்தால் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து, வாங்குவது மலைவாசிக்குச் சரி. அது இயலாதென்றால் மண்ணுக்கேற்பச் சமன்செய்யக்கூடிய ஒற்றை அதிர்வெண் கருவியை வாங்கி, உலர்மணலும் மேற்குக் கரையும் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு மீட்டர் தொலைவிலேயே தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படும் ஆண்டெனாக் கருவிகளை எந்த விலைக்கும் தொடக்கூடாது. நாணயமளவு பொருளுக்கு நேர்மையான கருவி எட்டும் ஆழம் ஒரு சாண், அதற்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மற்றபடி உதகையின் ஈரப்பதம் தோல் செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கவைக்கும் என்பதால், கடலிலிருந்து திரும்பியதும் காயிலை நன்னீரில் கழுவித் துடைத்து, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் கழற்றிவைக்க வேண்டும்.

பழைய கருவி விலைக்கு வந்தால், வாங்குமுன் கடலுக்குப் போகாமலேயே ஒரு சோதனை செய்யலாம். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மணலை நிரப்பி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த நீரால் சொதசொதவென்று நனைக்க வேண்டும்; கடல்நீரின் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். அடியில் ஆணி இல்லாத தரையில் தொட்டியை வைத்து, காயிலை மணலை ஒட்டி வீசிப் பார்க்க வேண்டும். ஒன்றும் புதைக்காதபோது அமைதியாக இருந்து, ஒரு சாண் ஆழத்தில் வைத்த ஐந்து ரூபாய்க்கும் மூன்று விரற்கடை ஆழத்தில் வைத்த மெட்டிக்கும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஒலித்தால், கேட்ட விலையைப் பேசத் தொடங்கலாம். வெறும் மணலுக்கே கத்தினால், உணர்திறனைக் குறைத்து அடக்கிய பிறகும் மெட்டி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அந்தக் கருவிக்குத் தோட்டத்து விலையை மட்டுமே தரலாம், கடற்கரை விலையைத் தரக்கூடாது.